முகப்பு விளக்கும் லேசர் வேகமானியும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வாகனப் பட்டறைகளில் கூட்டம் கூடிவிடும். ஊருக்குப் புறப்படும் முன் எண்ணெய் மாற்றுவோர், டயர் மாற்றுவோர், பிரேக்கைச் சரிபார்ப்போர் எனப் பலரும் வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் ஓர் இளைஞரும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவர் கையில் ஒரு சிறிய பெட்டி. அதற்குள் புதிதாக வாங்கிய இரண்டு எல்இடி முகப்பு விளக்குகள்.

“அண்ணே, இந்த விளக்கைப் போட்டால் காவல்துறையின் லேசரில் வேகம் சரியாகப் பதியாதாமே, உண்மையா?”

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறார். “எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தம்பி. ஆனால், விளக்கை மாற்றிச் சம்மனிலிருந்து தப்பியவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.”

இந்த நம்பிக்கை பல வடிவங்களில் உலவுகிறது. வெள்ளை வெளேரென ஒளிரும் விளக்கு கருவியின் கண்ணைக் கூசச் செய்துவிடும் என்பார் ஒருவர். எல்இடி விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிமிட்டுவதால் கருவி குழம்பிவிடும் என்பார் இன்னொருவர். சம்மன் பெற்றவர்களிடமோ இதே கருத்து தலைகீழாக வரும். “நான் 110இல்தான் வந்தேன், என் விளக்குதான் கருவியைக் குழப்பி 128 என்று காட்ட வைத்துவிட்டது” என்பார்கள். முன்னவை இரண்டும் ஆசைகள். பின்னது ஒரு முறையீடு. ஆசையை நகைத்து ஒதுக்கலாம்; முறையீட்டை அப்படி ஒதுக்க முடியாது. ஒரே வேகத்தில் செல்லும் இரண்டு மகிழுந்துகளில், விளக்கின் வகை வேறுபடுகிறது என்பதற்காக ஒன்றுக்கு அபராதமும் மற்றொன்றுக்கு விலக்கும் கிடைக்குமானால், அந்தக் கருவியைச் சாலையோரத்தில் நிறுத்துவதே முறையன்று. ஆகவே, விளக்கின் வகை வேகமானி காட்டும் எண்ணை மாற்றுமா என்பதை ஆராய்ந்தே பார்க்க வேண்டும்.

அதற்கு முதலில் கருவி எதை அளக்கிறது என்பது தெரிய வேண்டும். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மலைகளில் ஒன்றின் முன் நின்று ஒருவர் பலமாகக் கைதட்டுகிறார். சற்று நேரத்தில் எதிரொலி வருகிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எதிரொலி ஒரு விநாடி கழித்து வந்தால், ஒலி போகவர 340 மீட்டர் சென்றிருக்கிறது. மலை 170 மீட்டர் தொலைவில் இருக்கிறது. இங்குக் கைதட்டல் எவ்வளவு பலமாக இருந்தது என்பது கணக்கில் வரவே இல்லை. கணக்கில் வந்தது நேரம் மட்டுமே.

லேசர் வேகமானி செய்வதும் இதைத்தான். ஒலிக்குப் பதிலாக ஒளியை அனுப்புகிறது. அந்த ஒளி ஏறத்தாழ 905 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தீங்கு செய்யாத அளவிலேயே அனுப்பப்படுகிறது. கருவியிலிருந்து ஒரு துடிப்பு புறப்பட்டு, வாகனத்தில் பட்டு, திரும்பி வருகிறது. ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்வதால், 300 மீட்டர் தொலைவில் உள்ள மகிழுந்தைத் தொட்டுத் திரும்ப அதற்கு 2,000 நானோ விநாடி போதும். ஒரு நானோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்திற்குள் ஒளி செல்லும் தொலைவு 30 செண்டிமீட்டர். மாணவர் பயன்படுத்தும் அளவுகோலின் நீளம் அது.

ஒரு துடிப்பு தொலைவை மட்டுமே சொல்லும். வேகத்தை அறியப் பல துடிப்புகள் வேண்டும். ஒரு கருவி விநாடிக்கு 200 துடிப்புகளை அனுப்புவதாகக் கொள்வோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மகிழுந்து விநாடிக்கு 30.6 மீட்டர் நகரும். இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தில் அது 15 செண்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நெருங்கிவிடும். போகவரக் கணக்கிட்டால் ஒளியின் பயணம் 30 செண்டிமீட்டர் குறைகிறது. அதாவது, ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைவிட ஏறத்தாழ ஒரு நானோ விநாடி முன்னதாகத் திரும்பி வருகிறது. விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட அளவீடுகள் சேர்ந்துவிடும். அவை ஒரே சீராகக் குறைந்துகொண்டே வருகின்றனவா என்று கருவி பார்க்கிறது. சீராக இருந்தால் அந்தக் குறைவிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும். சீராக இல்லாவிட்டால் எண்ணுக்குப் பதிலாகப் பிழைக்குறியைக் காட்டும்.

இதே முறையில் நிலவின் தொலைவும் அளக்கப்படுகிறது. 1969ஆம் ஆண்டு அப்பல்லோ 11 பயணத்தின்போது விண்வெளி வீரர்கள் நிலவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தனர். பூமியிலிருந்து அனுப்பப்படும் லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்ப ஏறத்தாழ இரண்டரை விநாடி ஆகிறது. நெடுஞ்சாலை மேம்பாலத்தில் காவலர் பிடித்திருக்கும் கருவியும் நிலவை அளக்கும் தொலைநோக்கியும் ஒரே கணக்கைத்தான் செய்கின்றன.

சரி, திரும்பி வரும் துடிப்போடு மகிழுந்தின் விளக்கொளியும் சேர்ந்து கருவிக்குள் நுழையுமே, அப்போது என்ன ஆகும்? இங்குதான் விளக்கின் வகை முக்கியமாகத் தோன்றுகிறது. ஆனால், விளக்கொளி இரண்டு காவல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது.

முதல் காவல், கருவியின் முன்னால் உள்ள வடிகட்டி. அது 905 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை மட்டுமே உள்ளே விடும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோ ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ளது. எனவே, நம் கண்ணைக் கூசச் செய்யும் வெள்ளொளி கருவிக்குத் தெரிவதே இல்லை எனலாம். வெண்மையும் பளிச்சென்ற தோற்றமும் மனிதக் கண்ணின் அளவுகோல்கள். கருவிக்குக் கண் வேறு.

இப்போது விளக்குகளை அகச்சிவப்புக் கண்ணால் பார்க்கலாம். எல்இடி முகப்பு விளக்கில் இருப்பது உண்மையில் ஒரு நீல ஒளி உமிழி. அது ஏறத்தாழ 450 நானோமீட்டரில் ஒளிர்கிறது. அதன்மேல் பூசப்பட்ட பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. 905 நானோமீட்டரில் அது உமிழ்வது மிக மிகக் குறைவு. சில உயர்விலை மகிழுந்துகளில் இடம்பெற்ற லேசர் முகப்பு விளக்கும் இவ்வகையே. பெயரில் லேசர் இருந்தாலும், நீல லேசர் ஒளி ஒரு பூச்சில் பட்டு வெள்ளொளியாக மாறிய பிறகே சாலைக்கு வருகிறது.

செனான் விளக்கில் கம்பி இல்லை. இரண்டு மின்முனைகளுக்கு இடையே வாயுவில் எழும் மின்வில் ஒளிர்கிறது. செனான் வாயு 800 முதல் 1,000 நானோமீட்டர் வரையிலான பகுதியிலும் சில குறுகிய கோடுகளாக ஒளியை உமிழும். ஆகவே, இது எல்இடியைவிட அகச்சிவப்பு மிகுந்தது.

ஆனால், மூன்றிலும் அகச்சிவப்பு மிகுந்தது பழைய ஹாலோஜன் விளக்குதான். அதற்குள் இருக்கும் டங்ஸ்டன் கம்பி ஏறத்தாழ 3,000 கெல்வின் வரை சூடேறி ஒளிர்கிறது. அந்த வெப்பநிலையில் ஒரு பொருள் மிகுதியாக உமிழும் ஒளியின் அலைநீளம் 970 நானோமீட்டரை ஒட்டி அமையும். அது வேகமானி பயன்படுத்தும் 905க்கு வெகு அருகில் உள்ளது. ஹாலோஜன் விளக்கு உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாக அன்றி வெப்பமாகவும் அகச்சிவப்பாகவும் போவதற்கும் இதுவே காரணம். ஆக, பட்டறைக்கு வந்த இளைஞர் ஹாலோஜனைக் கழற்றிவிட்டு எல்இடியைப் பொருத்தினால், கருவியின் கண்ணுக்கு அவருடைய வாகனம் முன்பைவிட மங்கலாகத்தான் ஒளிரும். கருவியைக் கூசச் செய்ய நினைத்தவர், அதற்கு உதவி செய்தவர் ஆகிறார்.

அப்படியானால் ஹாலோஜன் விளக்காவது கருவியைக் குழப்புமா? அதற்குத்தான் இரண்டாவது காவல் இருக்கிறது. அது நேரம் என்னும் காவல். கருவி அனுப்பும் துடிப்பு சில பத்து நானோ விநாடிகளே நீடிக்கும். அது திடீரென எழுந்து, திடீரென அடங்கிவிடும். உள்ளிருக்கும் மின்சுற்று அப்படிப்பட்ட கூர்மையான எழுச்சியை மட்டுமே தேடுகிறது. விளக்கொளியோ தொடர்ந்து வந்துகொண்டே இருப்பது. வகுப்பறையில் மின்விசிறி இரைந்துகொண்டிருக்கும்போது யாரேனும் கைதட்டினால், தட்டிய கணத்தை நம்மால் பிரித்தறிய முடிகிறது அல்லவா? மின்விசிறியின் இரைச்சல் எவ்வளவு நேரம் நீடித்தாலும் அது கைதட்டல் ஆகிவிடாது.

எல்இடி சிமிட்டுகிறதே என்ற வாதமும் இங்கு வலுவிழக்கிறது. சில எல்இடி விளக்குகள் தங்கள் ஒளி அளவைக் கட்டுப்படுத்த விநாடிக்குச் சில நூறு முறை அணைந்து எரிவது உண்மைதான். அப்படிச் சிமிட்டும் விளக்கைக் கைப்பேசியில் படமெடுத்தால் பட்டை பட்டையாகத் தெரியும். ஆனால், விநாடிக்கு 500 முறை சிமிட்டும் விளக்கில்கூட ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே 20 இலட்சம் நானோ விநாடிகள் உள்ளன. கருவி துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொளிக்குக் காத்திருப்பதோ சில ஆயிரம் நானோ விநாடிகள். அந்தக் காத்திருப்பில், வேகமாகச் சிமிட்டும் விளக்கும் கிட்டத்தட்ட அசையாமல் எரிவதாகவே கருவிக்குத் தோன்றும்.

பின்னணியில் அகச்சிவப்பு ஒளி மிகுந்திருந்தால் கருவி எதிரொளியைப் பிரித்தறியச் சற்றுச் சிரமப்படும் என்பது உண்மை. நண்பகல் வெயில் மகிழுந்தின் முன்கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும்போதும் இந்தச் சிரமம் உண்டு. அப்போது கருவி அளக்கக்கூடிய தொலைவு குறையலாம். அல்லது அளவீடு கிடைக்காமலே போகலாம். ஆனால், 128 என்பது 110 ஆகவோ, 110 என்பது 128 ஆகவோ மாறுவதற்கு அதில் வழியில்லை. எதிரொளி திரும்பி வரும் நேரத்தை விளக்கு மாற்ற வேண்டுமென்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் ஏற்றவாறு நானோ விநாடிக் கணக்கில் பிசகாமல் அது அணைந்து எரிய வேண்டும். எந்த முகப்பு விளக்கும் அப்படிச் செய்யப்பட்டதன்று.

இதற்கு மலேசியச் சாலைகளிலேயே அன்றாடச் சான்று ஒன்று இருக்கிறது. 1992ஆம் ஆண்டு முதல் இந்நாட்டு மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டே செல்ல வேண்டும் என்பது சட்டம். விபத்துகளைக் குறைக்க வந்த சட்டம் அது. நண்பகலில், எரியும் விளக்கோடு, ஹாலோஜனும் எல்இடியும் கலந்து மோட்டார் சைக்கிள்கள் அணியணியாகச் செல்கின்றன. விளக்கு வேகமானியைக் குழப்பும் என்றால், முதலில் குழப்பியிருக்க வேண்டியவை அவையே.

எனினும், விளக்குக்கும் வேகமானிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொடர்பு இருக்கிறது, ஆனால், அது பலரும் நினைக்கும் திசையில் இல்லை. விளக்கு ஒளியை அனுப்புவதைவிட, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதே இங்கு முக்கியம்.

இரவில் நெடுஞ்சாலையின் கோடுகளுக்கு நடுவே சின்னஞ்சிறு பூனைக்கண்கள் மின்னுவதைப் பலரும் பார்த்திருப்பர். அவற்றில் மின்சாரம் இல்லை. எந்தத் திசையிலிருந்து ஒளி வந்ததோ அதே திசைக்கு அதைத் திருப்பி அனுப்பும் அமைப்பே அவற்றின் இரகசியம். 1930களில் இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி ஷா இதனைச் சாலைக்குக் கொண்டுவந்தார். நிலவில் வைக்கப்பட்ட பிரதிபலிப்பானும் இதே வேலையைத்தான் செய்கிறது. மகிழுந்தின் முகப்பு விளக்கும், அணைந்திருக்கும்போதுகூட, ஓரளவு பூனைக்கண்ணைப் போலவே நடந்துகொள்கிறது. அதன் உட்புறம் பளபளக்கும் கிண்ணம். நேராக உள்ளே வரும் ஒளியைக் கிண்ணம் விளக்கு இருக்கும் இடத்தில் குவிக்கும். அங்கே பட்டுச் சிதறும் ஒளியின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும்.

பல நாடுகளில் வாகன எண் பலகை ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருளால் ஆனது. அங்கெல்லாம் காவலர்கள் எண் பலகையைக் குறிவைத்தால் எதிரொளி பளிச்செனக் கிடைக்கும். மலேசியாவின் வழக்கமான எண் பலகையோ கறுப்பு நிறத்தில் வெள்ளை எழுத்துகள் கொண்டது, பிரதிபலிக்கும் தன்மையற்றது. ஆகவே, இங்கு முகப்பு விளக்கின் கிண்ணமும் அதனைச் சுற்றியுள்ள பளபளப்பான பகுதிகளும் நல்ல இலக்காகின்றன. பெரிய கிண்ணங்களைக் கொண்ட பழைய மகிழுந்து தொலைவிலிருந்தே அகப்படலாம். சரிந்த முகப்பும், சிறிய வில்லை விளக்குகளும், கறுப்புச் சாயமும் கொண்ட புதிய மகிழுந்தை அளக்கச் சற்று அருகில் வரும்வரை காத்திருக்க நேரலாம். விளக்கின் வகையால் உண்டாகும் வேறுபாடு இதுதான். அது எப்போது அளக்கப்படுகிறது என்பதை மாற்றலாம். என்ன எண் கிடைக்கிறது என்பதை மாற்றாது. கறுப்பு மகிழுந்தை வைத்திருப்பவர் இதனால் பெறும் நன்மை, சில விநாடி தாமதம் மட்டுமே.

அப்படியென்றால் லேசர் வேகமானி தவறே செய்யாதா? செய்யும். சம்மன் பெற்றவர் முறையிட விரும்பினால், விளக்கை விட்டுவிட்டு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: கோணம், கை.

வேகமானி அளப்பது, வாகனம் கருவியை நோக்கி எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்பதை. வாகனம் நேர் எதிரே வந்தால் அதுவே உண்மையான வேகம். ஆனால், காவலர் சாலையின் நடுவில் நிற்க முடியாது. ஓரத்திலோ மேம்பாலத்திலோதான் நிற்பார். சாலையோரம் நிற்பவருக்கு நேர் எதிரே ஒரு பேருந்து கடக்கும் கணத்தில், அது அவரை நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. அந்தக் கோணத்தில் அளந்தால் பேருந்தின் வேகம் சுழி. இதற்கிடைப்பட்ட எல்லாக் கோணங்களிலும் கருவி உண்மையைவிடக் குறைவான எண்ணையே காட்டும். 10 பாகைக் கோணத்தில் 110 என்பது 108 ஆகத் தெரியும். 20 பாகையில் 103 ஆகத் தெரியும். நிலையாக நின்று அளக்கும் காவலரின் கருவியில் கோணத்தால் வரும் பிழை எப்போதும் வாகனமோட்டிக்குச் சாதகமானது. இதைக் காரணம் காட்டி முறையிடுபவருக்குத் தம் உண்மையான வேகம் இன்னும் அதிகம் என்பதே பதிலாகக் கிடைக்கும்.

கையால் வரும் பிழை அப்படியன்று. லேசர் கதிர் தொலைவு செல்லச் செல்லச் சற்று விரிகிறது. பொதுவாக 1,000 மீட்டரில் 3 மீட்டர் அகலம். 300 மீட்டரில் ஏறத்தாழ 90 செண்டிமீட்டர். ரேடார் வேகமானியின் கதிர் இதைவிடப் பன்மடங்கு அகலமானது. பக்கத்துத் தடத்தில் செல்லும் கனவுந்தையும் சேர்த்து அது வளைத்துக்கொள்ளும். அந்தக் குறையைத் தவிர்த்து, குறிப்பிட்ட ஒரே வாகனத்தை அளக்க லேசர் ஏற்றது. ஆனால், கதிர் குறுகியதாக இருப்பதால் கை அசைந்தால் அதுவும் அசையும். அளக்கும்போது கதிர் முன்கண்ணாடியில் தொடங்கி, வழுக்கியபடியே முகப்பு விளக்கு வரை இறங்கிவிட்டதாகக் கொள்வோம். முகப்பு விளக்கு முன்கண்ணாடியைவிட ஒன்றரை மீட்டர் முன்னே இருக்கிறது. விநாடியின் மூன்றில் ஒரு பங்கில் அந்த ஒன்றரை மீட்டரும் வாகனம் நகர்ந்த தொலைவாகக் கணக்கில் சேர்ந்துவிட்டால், உண்மையான வேகத்தோடு மணிக்கு 16 கிலோமீட்டர் கூடிவிடும். 100இல் வந்தவர் 116இல் வந்தவராகிவிடுவார்.

கருவியைச் செய்பவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். அளவீடுகள் சீராக இருக்கின்றனவா என்று கருவி சரிபார்ப்பதே இதற்காகத்தான். கதிர் கண்ணாடியிலிருந்து விளக்குக்குத் தாவினால் தொலைவில் ஒரு படிக்கட்டு விழும். கருவி அதைக் கண்டுபிடித்து நிராகரித்துவிடும். நீண்ட கனவுந்தின் பக்கவாட்டில் கதிர் ஒரே சீராக வழுக்கிச் செல்லும் நிலையோ கண்டறியக் கடினமானது. ஆகவேதான் கருவியை முக்காலியில் பொருத்துவது, வாகனத்தின் ஒரே புள்ளியில் குறியை நிறுத்துவது, பணி தொடங்கும் முன் அளந்து வைத்த ஒரு தொலைவில் கருவியைச் சோதிப்பது, குறிநோக்கியும் கதிரும் ஒரே இடத்தைத்தான் நோக்குகின்றனவா என்று ஒரு கம்பத்தை வைத்துப் பார்ப்பது போன்ற நடைமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. இச்சோதனைகள் செய்யப்பட்டனவா, கருவி உரிய காலத்தில் அளவுத்திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்பது நியாயமான கேள்வி. “என்னுடையது எல்இடி விளக்கு” என்பது நியாயமான பதில் ஆகாது.

இரவில் விளக்கு வேறொரு வழியில் குறுக்கிடுகிறது. எதிரே வரும் பிரகாசமான விளக்கு கருவியைக் கூசச் செய்யாது. கருவியைப் பிடித்திருக்கும் மனிதரைக் கூசச் செய்யும். குறிநோக்கி வழியே பார்க்கும் காவலருக்கு இரண்டு ஒளிப் பந்துகள் மட்டுமே தெரியும்; வாகனத்தின் உருவம் அவற்றுக்குப் பின்னால் மறைந்துவிடும். குறி நிலைத்து நிற்பது கடினமாகும். அளவீடு தோல்வியடைந்தால் காவலர் மீண்டும் அளக்க வேண்டியிருக்கும்.

கூசுவது காவலரின் கண் மட்டுமா? ஹாலோஜன் விளக்கின் கிண்ணம், கம்பி இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. அதே கிண்ணத்தில் எல்இடி விளக்கைச் செருகினால் ஒளி புறப்படும் இடமும் வடிவமும் மாறிவிடும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் மேலே சிதறி, எதிர்த் திசையில் வருபவரின் கண்ணில் அறையும். இரு திசைப் போக்குவரத்துக்கு நடுவே தடுப்பு இல்லாத தோட்டப்புறச் சாலைகளிலும் கூட்டரசுச் சாலைகளிலும் இது எவ்வளவு ஆபத்தானது என்பதை, ஒருமுறையேனும் அப்படிக் கண் கூசித் தடுமாறியவர் அறிவார். அனுமதியில்லாத விளக்கு மாற்றங்கள்மீது சாலைப் போக்குவரத்துத் துறையும் நடவடிக்கை எடுக்கிறது. ஒரு சம்மனுக்குத் தப்ப விளக்கை மாற்றியவருக்கு, அந்த விளக்குக்காகவே இன்னொரு சம்மன் வந்து சேரக்கூடும்.

லேசர் கருவியை உண்மையாகவே முடக்கும் சாதனங்களும் உலகில் இருக்கின்றன. வேகமானியின் கதிர் தன்மேல் பட்டவுடன், அதே அகச்சிவப்புப் பகுதியில் துடிப்புகளைத் திருப்பி அனுப்பி அவை அதைத் திணறடிக்கும். முகப்பு விளக்கால் முடியாத வேலை அது. அப்போதும் திரையில் தோன்றுவது குறைவான வேகம் அன்று; பிழைக்குறிதான். நெடுஞ்சாலையில் எல்லா வாகனமும் பதிவாக, ஒன்று மட்டும் திரும்பத் திரும்பப் பிழை காட்டினால், காவலரின் கவனம் எதன்மேல் திரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறையில் அந்த இளைஞரின் முறை வருகிறது. அவர் பெட்டியை நீட்டுகிறார். பட்டறைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைக்கிறார்.

“இந்தக் கிண்ணத்துக்கு இது பொருந்தாது, தம்பி. எதிரே வருகிறவன் கண் போய்விடும்.”

“அப்போ, விளக்கால் ஒன்றுமே செய்ய முடியாதா, அண்ணே?”

பட்டறைக்காரர் சற்று யோசிக்கிறார். தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இடையே பலமுறை போய் வந்தவர் அவர். இரு வழிச் சாலையில் எதிரே வரும் முன்பின் அறியாத வாகனமோட்டி திடீரென உயர்விளக்கை இரண்டு முறை சிமிட்டுவார். முன்னே காவல்துறை நிற்கிறது என்று பொருள். அதைக் கண்டவுடன் கால் தானாக எரிபொருள் மிதியிலிருந்து எழும். வளைவைத் தாண்டியதும் மரத்தடியில் முக்காலி தெரியும். கருவியில் அப்போது பதியும் எண் உண்மையிலேயே குறைவாக இருக்கும். கருவியும் அதைச் சரியாகவே அளந்திருக்கும்.

“ஒன்று செய்யும்” என்கிறார் அவர், பழைய ஹாலோஜன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்தபடி. “ஆனால், அதற்குப் புது விளக்கு தேவையில்லை.”